கணினி கேள்வி–பதில்: கேட்காமல் வந்து குந்தும் நீட்சிகள்

கேள்வி: எங்களுடையது தொடர்பாடல் நிலையம். போட்டோக் கொப்பி, ஒன்லைன் விண்ணப்பம், பரீட்சைப் பெறுபேறு பார்த்துக் கொடுப்பது என்று கடை ஓடுகிறது. பிடிஎப் மாற்றும் இலவச மென்பொருள் ஒன்று போன கிழமை தானாக அப்டேட் ஆனது. அன்றிலிருந்து குரோம் உலாவியில் எதைத் தேடினாலும் பெயர் தெரியாத ஒரு பக்கம் வருகிறது. நீட்சிகள் (எக்ஸ்டென்ஷன், அதாவது உலாவியோடு ஒட்டி இயங்கும் சிறு மென்பொருள்) பக்கத்தில் புதிதாக ஒன்று இருக்கிறது, ஆனால் அதை நீக்கும் பட்டன் வேலை செய்யவில்லை. மெனுவின் அடியில் 'உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது' என்று வேறு போட்டிருக்கிறது. கடையில் நானும் தம்பியும் மட்டுந்தான். இது எந்த நிறுவனம்?
— வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: எந்த நிறுவனமும் இல்லை, ஆனால் அந்த வரிதான் துப்பு. பெரிய அலுவலகங்கள் தங்கள் கணினிகளில் ஒரு நீட்சியைக் கட்டாயமாகப் போடுவதற்கு, குரோமில் 'பாலிசி' என்ற வழி இருக்கிறது. விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு வரி எழுதினால் போதும். பிறகு பயனரால் நீட்சியை நீக்க முடியாது. உங்கள் மென்பொருள் அந்த வழியால்தான் நுழைந்திருக்கும்.

முதலில் முகவரிப் பட்டியில் ஆங்கிலத்தில் குரோம், முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, பாலிசி என்று இடைவெளி விடாமல் அடியுங்கள். வரும் பட்டியலில் 'எக்ஸ்டென்ஷன் இன்ஸ்டோல் போர்ஸ்லிஸ்ட்' என்ற வரியைத் தேடுங்கள். அதற்கு எதிரே 32 எழுத்துக் குறியீடு ஒன்று இருக்கும். ஆங்கில a முதல் p வரையான, அதாவது முதல் 16 எழுத்துகள் மட்டுமே அதில் வரும். போனில் படம் எடுத்து வையுங்கள்.

அடுத்து விண்டோஸ் செட்டிங்ஸில் 'அப்ஸ்' பட்டியலைத் திகதி வாரியாக அடுக்கி, அந்த மாற்றியையும் அதே நாளில் வந்த மற்ற அறிமுகமில்லாதவற்றையும் நீக்குங்கள். இதை விட்டுவிட்டு ரெஜிஸ்ட்ரியை மட்டும் துடைத்தால் மறுநாள் அதே வரி திரும்ப எழுதப்பட்டிருக்கும்.

இனி குரோமை முழுக்க மூடிவிட்டு, விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி 'ரெஜ்எடிட்' என்று அடியுங்கள். எதையும் தொடுமுன் பைல் மெனுவில் 'எக்ஸ்போர்ட்' கொடுத்து ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். ஹெச்கீ லோக்கல் மெஷின், சொப்ட்வெயார், பாலிசீஸ், கூகுள், குரோம் என்று ஒவ்வொன்றாக இறங்குங்கள். அந்தப் போர்ஸ்லிஸ்ட் கோப்புறைக்குள் 1, 2 என்ற எண்களும், எதிரே படத்தில் உள்ள 32 எழுத்துகளும் தெரியும். பொருந்தும் வரியை மட்டும் அழியுங்கள். குரோம் கோப்புறையில் 'டிபோல்ட் சேர்ச் புரொவைடர்' என்று தொடங்கும் வரிகள் இருந்தால் அவையும் உங்கள் தேடலைத் திருப்பக்கூடும், அவற்றையும் அழியுங்கள். ஹெச்கீ கரண்ட் யூசருக்குக் கீழும் இதே வழியில் ஒருதரம் பாருங்கள். குரோமைத் திறந்து பாலிசிப் பக்கத்தில் 'ரீலோட்' கொடுத்ததும், கட்டாயப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்ட அந்த நீட்சியைக் குரோமே கழற்றிவிடும்.

கணினியை மறுபடி போட்டதும் திரும்ப வந்தால், வேலைகளைக் குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெடியூலரைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு முறை நுழையும்போதும் அந்த வரியை எழுதும் வேலை ஒன்று அங்கே ஒளிந்திருக்கக்கூடும்.

'எல்லா இணையத்தளங்களின் தரவையும் வாசிக்கவும் மாற்றவும்' என்ற அனுமதி பெற்ற நீட்சிக்கு, அந்த உலாவியில் அடிக்கும் கடவுச்சொல்லும் தெரியும், அடையாள அட்டை இலக்கமும் தெரியும். சுத்தம் செய்தபின் உங்கள் மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்களை மாற்றுங்கள். அந்த நாட்களில் உங்கள் கடைக் கணினியில் தங்கள் கணக்குகளுக்குள் நுழைந்தவர்களுக்கும் சொல்லிவிடுங்கள். சங்கடம்தான், ஆனாலும் சொல்ல வேண்டும்.

கேள்வி: களவு மென்பொருள்கள்தானா இப்படிச் செய்கின்றன? நம்பிப் போடும் பெரிய கம்பனிகளும் செய்வதுண்டா?
— ஆசிரியை, மல்லாவி

பதில்: செய்திருக்கின்றன. 2009 பெப்ரவரியில் மைக்ரோசொப்ட், மற்ற மென்பொருள்கள் இயங்க உதவும் டொட் நெட் பிரேம்வேர்க் 3.5இன் முதலாவது சேர்விஸ் பேக்கை (திருத்தத் தொகுப்பை) விண்டோஸ் அப்டேட் வழியாக அனுப்பியபோது, பயர்பொக்ஸ் உலாவிக்குள் ஒரு நீட்சியையும் சேர்த்தே போட்டது. பயனரின் கணக்கில் இல்லாமல் முழுக் கணினிக்கும் பதியப்பட்டதால் நீக்கும் பட்டன் மங்கிக் கிடந்தது. எதிர்ப்பு வந்தபின் மே மாதம்தான் நீக்கும் வசதி கொடுத்தார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில், ஒரு பாதுகாப்பு ஓட்டை காரணமாக, பயர்பொக்ஸைத் தயாரிக்கும் மொசில்லா அந்த நீட்சியையும் கூட வந்த ஒரு பிளக்-இன்னையும் தடுத்தது. நீட்சிக்கான தடையைச் சில நாளில் எடுத்தும் விட்டது.

இதற்குப் பிறகுதான் உலாவிகள் கதவைச் சாத்தின. 2011இல் பயர்பொக்ஸ் 8உம், 2013இல் குரோம் 25உம், வேறு மென்பொருள் கொண்டுவரும் நீட்சியை உங்கள் சம்மதம் கிடைக்கும்வரை முடக்கி வைக்கத் தொடங்கின; மேலே சொன்ன குரோம் பாலிசி வழி மட்டும் விலக்கு. அதனால் 2017 ஜனவரியில் அடோப் ரீடர் அப்டேட் ஒன்று கேட்காமலே குரோமுக்கு நீட்சி அனுப்பியபோது, குரோம் உங்களிடம் அனுமதி கேட்டது. பாடசாலைக் கணினியில் 'புதிய நீட்சி சேர்க்கப்பட்டது' என்ற அறிவிப்பைக் கண்டால், பிள்ளைகள் அவசரத்தில் 'எனேபிள்' அழுத்திவிடாமல் 'ரிமூவ்' கொடுக்கப் பழக்குங்கள். ஒன்று மட்டும்: வலயக் கல்வி அலுவலகமோ வேறு அலுவலகமோ நிர்வகிக்கும் கணினியென்றால், மேலே சொன்ன பாலிசி வரிகளை அவர்களைக் கேட்காமல் தொடவேண்டாம்.

கேள்வி: அப்டேட்டையே நிறுத்திவிட்டால் தொல்லை இல்லைத்தானே? டேட்டாவும் மிஞ்சும்.
— மாணவர், மாங்குளம்

பதில்: நிறுத்தாதீர்கள். உலாவிக்கும் விண்டோஸுக்கும் வரும் அப்டேட்தான் ஓட்டைகளை அடைக்கிறது. டேட்டாதான் கவலையென்றால், வைபை இணைப்பின் புரொப்பர்டீஸில் 'மீட்டர்ட் கனெக்ஷன்' என்பதைப் போட்டுவிடுங்கள். பெரும்பாலான விண்டோஸ் அப்டேட்டுகள் நீங்கள் வேறு இணைப்புக்குப் போகும்வரை காத்திருக்கும். இலவச மென்பொருள் போடும்போது 'எக்ஸ்பிரஸ்' தெரிவைத் தவிர்த்து 'கஸ்டம்' எடுத்து, முன்கூட்டியே போட்டிருக்கும் சரி அடையாளங்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள்.