முதலில் பட்டச் சான்றிதழ் தேதியைப் பாருங்கள், தம்பி

முனைவர் பட்டம் முடித்து, ஜெர்மனியில் இரண்டு வருட போஸ்ட்டாக் ஆராய்ச்சி வேலைக்கு வந்திருக்கும் ஒரு தம்பி கேட்கிறார்: "அண்ணா, பேப்பர் நன்றாகப் போட்டுக்கொண்டே இருந்தால் இங்கேயே வானியற்பியல் பேராசிரியர் ஆகிவிடலாமா?"

பேப்பர் வேண்டும்தான், போதாது. எனக்கு அது நான்காவது வருடம்தான் உறைத்தது. இங்கே ஆராய்ச்சியாளர்களுக்கென்று தனி ஒப்பந்தச் சட்டம் இருக்கிறது. முனைவர் பட்டத்துக்கு முன் 6 வருடம், பின் 6 வருடம் தற்காலிக வேலையில் வைத்திருக்கலாம். ப்ராஜெக்ட் பணம், குழந்தை என்று சில விலக்குகள் உண்டு. சொந்தக் குழு அமைக்க எமி நோய்த்தர் திட்டம் 6 வருடத்துக்குப் பணம் தருகிறது. ஆனால் பட்டம் வாங்கி 4 வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அதனால் பட்டச் சான்றிதழில் உள்ள தேதியை இன்றே எடுத்துப் பாருங்கள்.

வேலை செய்யும் பல்கலைக்கழகத்திலேயே பேராசிரியர் ஆவது இங்கே அபூர்வம். வேறு இடத்திலிருந்து 'ரூஃப்' வர வேண்டும். பதவிக்கான அழைப்பை அப்படித்தான் சொல்வார்கள். தேர்வுக் குழுவில் மாணவர்களும் உட்கார்ந்திருப்பார்கள். என் முதல் நேர்காணலில் ஆராய்ச்சிக் கேள்விகளையெல்லாம் சமாளித்துவிட்டேன். அப்புறம் ஒரு மாணவி, "பிரகாசமான நட்சத்திரத்துக்கு மேக்னிட்யூட் எண், அதாவது பிரகாச அளவு, ஏன் சின்னதாக இருக்கிறது? முதலாண்டு மாணவருக்கு எப்படிச் சொல்வீர்கள்?" என்றார். உளறினேன். அந்த வேலை கிடைக்கவில்லை.

சரி, பேராசிரியர் ஆனபின் வானம் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். தரவை நானே திறந்து பல மாதமாகிறது. பாதி நாள் தொலைநோக்கி நேரம் கேட்டு புரொபோசல் எழுதுவதிலேயே போகிறது. 2024 அக்டோபரில் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கிக்கு 2,377 விண்ணப்பங்கள் குவிந்தன. கேட்ட நேரம் கிட்டத்தட்ட 78,000 மணி, இருந்ததைப் போல் 9 மடங்கு. ஒரு நல்ல விஷயம், யார் எழுதியது என்பது மதிப்பிடுபவர்களுக்குத் தெரியாது. "நாங்கள் முன்பு காட்டியபடி" என்றுகூட எழுதக் கூடாது. பெரிய இடத்துச் சிபாரிசு இல்லாமல் வந்த நமக்கு அது வசதிதான்.

மீதி நாள் மனிதர்களுக்கு. போன மாதம் என் மாணவி ஒரு நிறமாலையோடு ஓடி வந்தாள். தூரத்து கேலக்ஸி ஒன்றில் கூரான ஒரு கோடு, யாரும் பார்க்காதது என்றாள். பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. நம் வளிமண்டலத்தில் உள்ள ஹைட்ராக்சில் என்ற மூலக்கூறு அகச்சிவப்பில் ஒளிர்கிறது. அந்த ஒளியைத் தரவிலிருந்து சரியாகக் கழிக்காவிட்டால் இப்படித்தான் மிஞ்சும். அதைச் சொல்லாமல், "கேலக்ஸி இல்லாத வெற்று வானத்தையும் ஒரு தடவை பாரேன்" என்றேன். இரண்டு நாளில் அவளே சிரித்துக்கொண்டு வந்து நின்றாள். அந்த இரண்டு நாள் சும்மா இருந்ததுதான் இந்த வேலையிலேயே கஷ்டமான பகுதி.

அப்புறம், ஜெர்மன் வகுப்பில் உடனே சேருங்கள். ஆய்வகத்தில் ஆங்கிலம் போதும், துறைக் கூட்டங்களில் போதாது. எதற்கு ஓட்டு என்று புரியாமலேயே ஒரு முறை நான் கை தூக்கியிருக்கிறேன்.