அப்பாவின் மாத்திரையும் கொழுப்பு நங்கூரமும்

வணக்கம் சார்,

என் அப்பா இரண்டு வருடமாக அடோர்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராம் சாப்பிடுகிறார். அந்த மாத்திரை கொலஸ்ட்ராலோடு சேர்த்து, செல் சவ்வில் புரதங்களைப் பிடித்து வைக்கும் கொழுப்பு நங்கூரங்களையும் தடுத்துவிடும் என்று படித்தேன். பயமாக இருக்கிறது. மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கவிதா

அன்புள்ள கவிதா,

நிறுத்தாதீர்கள். மருத்துவரைக் கேட்காமல் ஒரு நாள்கூட வேண்டாம். நீங்கள் படித்தது பாதி சரி, விட்டுப்போன பாதிதான் எனக்கு மிகவும் பிடித்தது.

கொலஸ்ட்ராலும் இந்த நங்கூரங்களும் மெவலோனேட் பாதை என்ற ஒரே வழியில்தான் உருவாகின்றன. வழியின் தொடக்கத்தில் இருக்கும் எச்எம்ஜி கோஏ ரிடக்டேஸ் என்ற நொதியைத்தான் ஸ்டாட்டின் (அப்பாவின் அடோர்வாஸ்டாட்டின் அந்த வகை மருந்து) தடுக்கிறது. அதைத் தாண்டி வருவது ஃபார்னசைல் பைரோபாஸ்பேட் என்ற 15 கார்பன் மூலக்கூறாகி, அங்கே கிளை பிரிகிறது. அதில் இரண்டு சேர்ந்தால் ஸ்குவாலீன், அப்புறம் கொலஸ்ட்ரால். அதுவே ராஸ் (செல்லை வளரச் சொல்லும் சமிக்ஞைப் புரதம்) போன்ற புரதத்தின் வாலில் ஒட்டினால் நங்கூரம். இன்னும் 5 கார்பன் சேர்ந்து ஜெரானைல்ஜெரானைல் ஆனால் அது ரோ, ராப் வகைப் புரதங்களுக்கு. நங்கூரம் இல்லாத ராஸ் சவ்வில் போய் உட்காராது, அதன் வேலையும் நடக்காது.

சரி, வரத்து குறைந்தால் யாருக்கு முதலில் கிடைக்கும்? ஏரியில் மேட்டுமடை, பள்ளமடை என்று இருக்குமே, தண்ணீர் இறங்கும்போது மேட்டுமடை முதலில் காயும், பள்ளமடை கடைசிவரை ஓடும். கொலஸ்ட்ரால் மேட்டுமடை. மற்ற கிளைகளின் நொதிகள் ஃபார்னசைல் மிகக் குறைவாக இருந்தாலும் பிடித்துக்கொள்கின்றன. கொலஸ்ட்ரால் ஆய்வாளர்களான பிரவுனும் கோல்ட்ஸ்டைனும் இந்தக் கருத்தை 1980-இல் முன்வைத்தபோது, பாலூட்டிகளின் புரதங்களில் இப்படியொரு நங்கூரம் இருப்பதே யாருக்கும் தெரியாது!

கொலஸ்ட்ராலை ரத்தத்திலிருந்து எல்டிஎல் (ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து செல்லும் துகள்) வழியாகச் செல் வாங்கிக்கொள்ளலாம். நங்கூரத்துக்கான சரக்கைச் செல்லே செய்தாக வேண்டும். அதனால் கொலஸ்ட்ரால் நிறைந்துவிட்டது என்பதற்காக மட்டும் செல் ரிடக்டேஸை முழுதாக மூடுவதில்லை. ஸ்டெரால் (கொலஸ்ட்ரால் வகைக் கொழுப்பு) மிகுந்தால் இன்சிக் என்ற புரதம் ரிடக்டேஸைப் பிடித்து அழிவுக்கு அனுப்பப் பார்க்கும், ஆனால் ஜெரானைல்ஜெரானைல் குறைவாக இருக்கும்வரை யுபியாட்1 என்ற இன்னொரு புரதம் ரிடக்டேஸோடு ஒட்டிக்கொண்டு அந்த அழிவைத் தாமதப்படுத்தும். ஜெரானைல்ஜெரானைலும் போதுமான அளவு வந்த பிறகுதான் யுபியாட்1 விலகி, செல்லுக்குள் இருக்கும் கோல்கி என்ற உறுப்புக்குப் போகிறது. இரண்டு சரக்கும் நிறைந்ததா என்று பார்த்துத்தான் செல் கதவைச் சாத்துகிறது.

ஸ்டாட்டின் போட்டால் கல்லீரல் செல் தட்டுப்பாட்டை உணர்ந்து ரிடக்டேஸையும் கூட்டுகிறது, ரத்தத்திலிருந்து எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுக்கும் எல்டிஎல் ஏற்பிகளையும் கூட்டுகிறது. ரத்தத்தில் கொலஸ்ட்ரால் இறங்குவதே முக்கியமாக அந்த ஏற்பிகளால்தான். நங்கூரம் அறுந்துபோகும் சோதனைகள் பெரும்பாலும் ஆய்வகத் தட்டில், ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிக மருந்தில் செய்தவை.

ஒன்றை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். அப்படி ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் ஸ்டாட்டினால் வரும் பாதிப்பை, ஜெரானைல்ஜெரானைலின் ஆல்கஹால் வடிவமான ஜெரானைல்ஜெரானியால் சேர்த்தால் பெருமளவு தடுக்க முடிகிறது, ஆகவே சிலருக்கு வரும் தசைவலியில் நங்கூரத் தட்டுப்பாட்டுக்கும் பங்கு இருக்கலாம் என்ற சந்தேகம் நியாயமானதே. அப்பாவுக்குத் தொடையிலோ தோளிலோ புதிதாக வலி இருக்கிறதா என்று இன்றே கேளுங்கள், இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைப்பதா, வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றுவதா என்று அவர் பார்த்துக்கொள்வார்.