வெளிநாட்டு வர்த்தகக் குழு வருவதற்கு முன்பும் பின்பும்: கேள்வி பதில்

இருதரப்பு வணிகக் குழுமம் ஒன்றின் செயலகத்தில் பல ஆண்டுகள் பணியாற்றி, வெளிநாட்டு வர்த்தகக் குழுக்களை வரவேற்கும் பொறுப்பைக் கவனித்தவன் என்பதால், உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு விடை எழுதும் வேலை என்னிடம் வந்தது.

கேள்வி: இருதரப்பு வணிகக் குழுமத்துக்கும் வர்த்தக சங்கத்துக்கும் என்ன வேறுபாடு?

பதில்: வர்த்தக சங்கம் ஓர் ஊரின் அல்லது நாட்டின் வணிகர் அனைவருக்குமானது. பிரான்சின் மார்செய் நகரில் 1599ஆம் ஆண்டிலேயே அத்தகைய சங்கம் தோன்றிவிட்டது. குழுமமோ இரண்டே நாடுகளுக்கு இடையிலான வணிகத்தை மட்டும் கவனிப்பது. பொருள் எந்த நாட்டில் உற்பத்தியானது என்பதற்கான சான்றிதழைப் பெரும்பாலும் சங்கங்களே வழங்குவதால், குழுமம் அவற்றோடு நல்லுறவு பேணுவது அவசியம்.

கேள்வி: இருபது நிறுவனங்கள் வருகின்றன. யாரை யாரோடு சந்திக்க வைப்பது என்று எப்படி முடிவு செய்வது?

பதில்: ஐயா, உண்மையான வேலையே இதுதான், வரவேற்பும் விருந்தும் அதற்குப் பிறகுதான். வருகைக்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு படிவம் அனுப்புங்கள். அதில் "என்ன விற்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்டால் "பம்பு" என்று ஒரே சொல்லில் பதில் வரும். உலக சுங்க அமைப்பின் பொருள் வகைப்பாட்டில் பம்புகளுக்கான 8413 என்னும் தலைப்பின் கீழ், எரிபொருள் நிலையத்தில் நிற்கும் பம்பும், கையால் இயக்கும் பம்பும், கான்கிரீட் ஏற்றும் பம்பும் தனித்தனி ஆறிலக்க எண்களோடு இடம்பெற்றுள்ளன. ஆறிலக்க எண்ணைக் கேட்டு வாங்கினால், கட்டுமான நிறுவனத்தின் எதிரே எரிபொருள் பம்பு விற்பவரை உட்கார வைக்கும் சங்கடம் நேராது. யாரைச் சந்திக்க விருப்பமில்லை என்பதையும் கேளுங்கள்; பலர் இதைக் கேட்பதே இல்லை. வருபவருக்கு இங்கே ஏற்கெனவே ஒரு முகவர் இருந்து, நாம் அந்த முகவரின் போட்டியாளரை அழைத்துவிட்டால், சந்திப்பு தொடங்கும் முன்பே கசந்துவிடும். ஒருவருக்கு ஒரு நாளில் ஆறு சந்திப்புகளுக்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து.

கேள்வி: அவர்கள் கொண்டுவரும் மாதிரி இயந்திரங்களுக்குச் சுங்கவரி கட்ட வேண்டுமா?

பதில்: திருப்பி எடுத்துச் செல்லும் பொருள் என்றால், சுங்கவரி கட்டாமல் தற்காலிகமாக உள்ளே கொண்டுவர ஏ.டி.ஏ. கார்னெட் என்னும் ஆவணம் உதவும். 1961ஆம் ஆண்டின் உடன்படிக்கையில் பிறந்த இந்த ஏற்பாட்டை ஏறத்தாழ எண்பது நாடுகளும் ஆட்சிப்பகுதிகளும் ஏற்கின்றன. ஆவணம் அதிகபட்சம் ஓராண்டுக்குச் செல்லுபடியாகும். உள்ளே வரும்போது கார்னெட்டில் உள்ள வெள்ளைத் தாளில் சுங்க முத்திரை வாங்க மறப்பவர் இல்லை; வெளியேறும்போதுதான், விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்று சுங்க மேசையைக் கடந்து ஓடிவிடுகிறார்கள். அந்த ஒரு முத்திரை இல்லையென்றால், பொருள் இங்கேயே தங்கிவிட்டதாகக் கருதிப் பின்னர் வரி கேட்கப்படலாம். ஆகவே வழியனுப்பச் செல்லும் ஊழியர் அந்தத் தாளைக் கண்ணால் பார்த்த பிறகே விடைபெற வேண்டும். சுவைத்துப் பார்க்கத் தரும் உணவுப்பொருள், இலவசமாக வழங்கும் கையேடு போன்று தீர்ந்துபோகும் எவற்றுக்கும் கார்னெட் பொருந்தாது.

கேள்வி: எங்கள் புதிய கருவிக்கு இன்னும் காப்புரிமை விண்ணப்பம் அளிக்கவில்லை. சந்திப்பில் காட்டலாமா?

பதில்: விண்ணப்பித்த பிறகு காட்டுங்கள். பல நாடுகளில், முன்கூட்டியே வெளிப்படுத்திய பொருள் புதுமையை இழந்ததாகக் கருதப்படும். முதல் விண்ணப்பம் அளித்துவிட்டால், 1883ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கைப்படி, மற்ற உறுப்பு நாடுகளில் விண்ணப்பிக்கப் பன்னிரண்டு மாத முன்னுரிமை கிடைக்கும்.

கேள்வி: மொழிபெயர்ப்பாளர் ஒருவர் போதுமா?

பதில்: ஒருவர் பேசி முடித்தபின் மொழிபெயர்க்கும் முறையில், அரைமணி நேரச் சந்திப்பு உண்மையில் கால்மணி நேரமாகச் சுருங்கிவிடும் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள். கருத்தரங்கில் உடனுக்குடன் மொழிபெயர்ப்பதென்றால், அரைமணிக்கு ஒருமுறை மாறிக்கொள்ள இருவர் வேண்டும். நான் உடனிருந்த ஒரு சந்திப்பில் "விலையைப் பரிசீலிக்கிறோம்" என்று சொன்னது "விலைக்குச் சம்மதம்" என்று மறுபக்கம் போய்ச் சேர்ந்தது; அந்தத் தவறு தெரிந்தபோது பத்து நாட்கள் கடந்திருந்தன. விலை, அளவு, தேதி ஆகிய மூன்றையும் இரு தரப்பாரும் பார்க்கும்படி தாளில் எழுதச் சொல்வதை அன்றிலிருந்து வழக்கமாக்கினேன்.

கேள்வி: மேடையில் கொடிகளை வைப்பதில் கவனிக்க வேண்டியது என்ன?

பதில்: ஒரே அளவு, ஒரே உயரம், தலைகீழாக இல்லாமை. தூதரகத்திடம் ஒருமுறை காட்டி உறுதிசெய்யுங்கள்.

கேள்வி: நிறைவு விழாவில் புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திடச் சொல்கிறார்கள். அது எங்களைக் கட்டுப்படுத்துமா?

பதில்: பெரும்பாலும் அது எண்ணத்தைத் தெரிவிக்கும் ஆவணமே. ஆனால் தலைப்பை நம்பாதீர்கள். இரகசியக் காப்பு, ஒருவருக்கு மட்டுமே தரும் விற்பனை உரிமை, பணம் செலுத்துதல் பற்றிய வரிகள் உள்ளே இருந்தால் அவை கட்டுப்படுத்தக்கூடும். புகைப்படத்துக்காக அவசரப்படுவதைவிட, வழக்கறிஞர் படித்த பிறகு அஞ்சலில் கையெழுத்திடுவதே மேல். முறையான விற்பனை ஒப்பந்தம் வரும்போது, செலவும் இடரும் விற்பவரிடமிருந்து வாங்குபவருக்கு எங்கே மாறும் என்று வகுக்கும் இன்கோடெர்ம்ஸ் 2020இன் பதினொரு விதிகளுள் எது பொருந்தும் என்பதோடு, பொருளை ஒப்படைக்கும் இடத்தின் பெயரையும் எழுதுங்கள். வழக்கு வந்தால் நடுவர் தீர்ப்பாயம் என்று குறிப்பிடுவது நல்லது. 1958ஆம் ஆண்டின் நியூயார்க் உடன்படிக்கையால், நடுவர் தீர்ப்பைப் பிற நாடுகளில் நிறைவேற்றுவது நீதிமன்றத் தீர்ப்பை நிறைவேற்றுவதைவிடப் பொதுவாக எளிது.

கேள்வி: குழு திரும்பிச் சென்றதும் எல்லாம் அடங்கிவிடுகிறதே, ஏன்?

பதில்: யார் எதை எப்போது அனுப்புவதாகச் சொன்னார் என்று எவரும் குறித்து வைக்காததுதான் காரணம். ஒவ்வொரு சந்திப்பும் முடிந்தவுடன் இரு தரப்பாரிடமும் தனித்தனியே ஒரு துண்டுத் தாள் கொடுத்து, அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று ஒரே வரியில் எழுதி வாங்குங்கள். அன்றிரவே இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, வரிகள் பொருந்தாத இடங்களில், விருந்தினர் விமானம் ஏறுவதற்கு முன் இருவரையும் மீண்டும் பத்து நிமிடம் உட்கார வையுங்கள்.