கிளே சுடப் போகிற தம்பிக்கு: சப்பாத்து விஷயம்

தம்பி, வருகிற சனிக்கிழமை வேலையிடத்து ஆட்கள் உம்மைக் கிளே ஷூட்டிங்குக்கு (பறக்கவிடுகிற தட்டுகளைத் துவக்கால் சுட்டு உடைக்கிற விளையாட்டு) கூப்பிட்டிருக்கிறார்கள், இங்கிலாந்தில் உமக்கு இது முதல் கோடை, சப்பாத்துப் போட்டால் கால் அவிகிறது, ஊரிலிருந்து கொண்டுபோன தோல் செருப்போடு போகலாமா என்று கேட்டிருந்தீர். போகவேண்டாம். நான் போய்ப் பட்டிருக்கிறேன்.

இதை யாழ்ப்பாணத்துக் கொக்குவில் வீட்டு விறாந்தையில் இருந்து எழுதுகிறேன். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தேன். காலையில் வெறுங்காலோடு வெளிவீதி சுற்றியதில் உள்ளங்கால் இன்னும் எரிகிறது. இருபது வருடம் சப்பாத்துக்குள் கிடந்த கால் சொகுசு பழகிவிட்டது. ஆனால் அகலம் மட்டும் குறையவில்லை. வெறுங்காலோடும் செருப்போடும் வளர்ந்த எங்கள் கால்களில் பலவும் முன்பக்கம் விரிந்துதான் இருக்கும். அங்கே கடையில் இருக்கிற சப்பாத்தில் பாதி, விரல்களை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றிவிடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளும், பிறகு தேவைப்படும்.

நான் முதல்முறை போனது ஒரு ஜூலை மாதம். முன்விரல் தெரிகிற செருப்பு. பதிவு மேசையில் இருந்த அம்மா என் முகத்தைப் பார்க்க முதல் காலைத்தான் பார்த்தார். கால்விரல் மூடாமல் உள்ளே விடமாட்டோம் என்றார். பாவம் பார்த்து ஒரு இரவல் கம்பூட்ஸ் (ரப்பர் பூட்ஸ்) தந்தார்கள். என் கால் அளவு 8, பூட்ஸ் அளவு 10. அன்றைக்கு 25 தட்டுக்குச் சுட்டு மூன்றுதான் உடைந்தது. துவக்கில் பிழை இல்லை. தட்டோடு சேர்ந்து நான் திரும்புகிற ஒவ்வொரு முறையும் பூட்ஸ் நின்ற இடத்தில் நின்றது, கால் மட்டும் உள்ளே திரும்பியது. கழற்றியபோது மேசு என்கிற காலுறையைப் பிழிந்தால் ஒரு கோப்பை தண்ணீர் வரும்.

அந்த அம்மா சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. கிளே என்று பெயர்தான், அது களிமண் இல்லை. சுண்ணாம்புக்கல் தூளைத் தார் போன்ற பிசினோடு சேர்த்து அச்சில் அடித்த தட்டு, குறுக்களவு 110 மில்லிமீற்றர். உடைந்த துண்டுகள் புல்லுக்குள் கிடக்கும், ஓரம் கூர். வரிசையில் நின்று சுடும்போது பக்கத்து ஆளிடம் அரைத் தானியங்கித் துவக்கு இருந்தால், சுட்ட தோட்டாவின் கோது வலப்பக்கமாகத் தெறித்து வரும். அதன் அடிப்பக்க உலோகம் சூடாக இருக்கும், அது செருப்பு வாருக்குள் விழுந்தால் நீர் துவக்கோடு துள்ளுவீர். துவக்கு கையில் இருக்கும்போது துள்ளுவதுதான் உண்மையான ஆபத்து. காட்டோரமாக நடக்கிற இடமென்றால் எங்கள் காஞ்சோண்டி மாதிரிச் சுணைக்கிற செடியும், உண்ணியும் உண்டு. அந்த உண்ணி சிலவேளை லைம் என்கிற பற்றீரியாத் தொற்று நோயைக் கொண்டுவரும். வீட்டுக்கு வந்ததும் கணுக்காலையும் முழங்கால் மடிப்பையும் பார்த்துவிடும்.

சரி, எதை வாங்குவது? ஓடுகிற சப்பாத்து வேண்டாம். குதிப்பக்கம் உயர்ந்து, பஞ்சு மாதிரி அமுங்கும். ஓடுவதற்கு அது நல்லது. ஆனால் இங்கே நீர் ஓடப்போவதில்லை, நிற்கப்போகிறீர். வலக்கைக்காரர் இடக்காலை முன்வைத்து, பாரத்தைக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளி நிற்கவேண்டும். அமுங்குகிற அடியில் நின்றால் உடம்பு ஆடும், ஆடினால் துவக்கும் ஆடும். தட்டையான, இறுக்கமான அடியுள்ள, கணுக்காலுக்குக் கீழே நிற்கிற, வலைத்துணி மேற்பக்கம் வைத்த நடைச் சப்பாத்துத்தான் கோடைக்குச் சரி. தண்ணீர் புகாத உட்படலம் வைத்ததைக் கடைக்காரர் விலை கூட்டி நீட்டுவார், வாங்கவேண்டாம். வெளித்தண்ணீர் உள்ளே வராதுதான், ஆனால் வெயில் நாளில் வியர்வையும் லேசில் வெளியே போகாது. வலைத்துணி காலைப் பனிப்புல்லில் நனையும், ஒரு மணித்தியால வெயிலில் காய்ந்துவிடும்.

பின்னேரத்தில் போய் வாங்கும், அப்போதுதான் கால் வீங்கி முழு அளவில் இருக்கும். உள்ளே கிடக்கிற மெத்தைத் தகட்டை வெளியே எடுத்து அதன்மேல் வெறுங்காலை வைத்துப் பாரும். சுண்டுவிரல் தகட்டுக்கு வெளியே வழிந்தால் அது உம்முடைய சப்பாத்து இல்லை, எவ்வளவு வடிவாக இருந்தாலும் திரும்ப வைத்துவிடும். வீட்டுக்குக் கொண்டுவந்து பற்றுச்சீட்டை எறியமுதல், அறைக்குள்ளேயே தும்புத்தடியைத் துவக்கு மாதிரித் தோளில் வைத்து இடமிருந்து வலமாக இடுப்பைத் திருப்பும். கால் உள்ளே வழுக்கினால் நாடாவை மேல் துளைவரை கட்டிப்பாரும். அதற்கும் வழுக்கினால் திருப்பிக் கொடும்.

மேசு பருத்தியில் வேண்டாம், வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு கொப்புளம் போடும். மெல்லிய மெரினோ ஆட்டுக் கம்பளி மேசு வாங்கும். கோடையில் கம்பளியா என்று நானும் சிரித்தவன்தான்.

அனுமதிப்பத்திரம் இல்லாமல் சுடலாமா என்றும் ஒரு வரி எழுதியிருந்தீர். சொந்தத் துவக்கு வைத்திருக்கத்தான் பொலிஸ் பத்திரம் வேண்டும். பொலிஸ் அனுமதி பெற்ற இடத்தில், அங்கேயே தருகிற ஷொட்கன்னால் இந்தத் தட்டுகளைச் சுட, பத்திரம் இல்லாதவருக்கு 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. கூட்டிப்போகிறவர்கள் பதியும்போது அதை ஒருமுறை கேட்டு உறுதிப்படுத்தட்டும்.

இன்னொன்று. அன்றைக்கு முதல் வெடி கேட்டதும் என் முழங்கால் தானாக மடிந்து நான் பாதி குந்திவிட்டேன். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர் பூட்ஸ் வழுக்கிவிட்டதா என்று கேட்டார். ஓம் என்றுதான் சொன்னேன். உமக்கு அப்படி வராமலும் இருக்கலாம். வந்தால் வெட்கப்படவேண்டாம். காரிலிருந்து இறங்கமுதலே காது மூடியைப் போட்டுக்கொண்டு, முதல் சுற்றில் சுடாமல் பின்னுக்கு நின்று பாரும். சத்தம் எந்தப் பக்கம், எப்போது வரும் என்று உடம்புக்கு விளங்கிவிடும்.

புதுச் சப்பாத்தை வெள்ளி வரைக்கும் வேலைக்குப் போட்டுக்கொண்டு போம். தோல் செருப்பைக் காருக்குள் வைத்திரும், முடிந்து வந்து கதவில் சாய்ந்தபடி மாற்றலாம்.