அக்காவின் இதயக் கட்டி எனக்கும் வருமா?

கேள்வி: என் அக்காவுக்கு 41 வயது. பிரஷர், சுகர் எதுவும் இல்லாதவர், திடீரென்று பக்கவாதம் வந்து விழுந்தார். இதயத்துக்குள் ‘மிக்சோமா’ என்ற கட்டி இருந்ததாகச் சொல்லி அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். எனக்கு 36 வயது. வாயுத்தொல்லை, படபடப்பு, இடது மார்பில் ஊசி குத்துவது போன்ற வலி இருக்கின்றன. போன மாதம் தோசை ஊற்றும்போது கரண்டி கையிலிருந்து நழுவியது, பேச்சும் குழறியது. பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. அன்றிலிருந்து தினமும் ஆஸ்பிரின் போடுகிறேன். இணையத்தில் இதயப் புற்றுநோய் என்கிறார்கள். எனக்கும் வருமா?

பதில்: வாயுவையும் ஊசிக் குத்தலையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். படபடப்புக்கு ஒரு ஈ.சி.ஜி. எடுத்துக்கொள்ளலாம். என்னைக் கவலைப்பட வைப்பது, போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் அந்தக் கரண்டிதான்.

அந்தப் பத்து நிமிடமும் மூளையின் ஒரு பகுதிக்கு ரத்தம் போகாமல் இருந்திருக்கலாம். தானாகச் சரியானதால் அது சாதாரணமாகிவிடாது. இதை அடுத்துப் பெரிய பக்கவாதம் வரும் ஆபத்து முதல் இரண்டு நாட்களில்தான் அதிகம். அன்றே மருத்துவமனைக்குப் போயிருக்க வேண்டும். ஒரு மாதம் ஓடிவிட்டதே என்று ஆறுதல் கொள்ளவும் வேண்டாம். இன்றே நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். மூளை ஸ்கேன், கழுத்து ரத்தக்குழாய் ஸ்கேன், இதய எக்கோ மூன்றும் தேவைப்படும். அக்காவின் டிஸ்சார்ஜ் சம்மரியை மறக்காமல் கொண்டுபோங்கள்.

மிக்சோமா புற்றுநோய் அல்ல. பெரும்பாலும் இதயத்தின் இடது மேலறையில், நடுச்சுவரிலிருந்து ஒரு காம்பில் தொங்கும். சில கட்டிகள் இளநுங்கு போல வழவழவென்று, தொட்டாலே உதிர்ந்துவிடும் பதத்தில் இருக்கும். ஒவ்வொரு துடிப்புக்கும் அது ஊசலாடும்போது ஒரு துணுக்கோ, மேலே படிந்த ரத்தக்கட்டியோ பிய்ந்து மூளைக்குப் போய் அடைத்துக்கொள்ளும். பிரஷர், சுகர் இல்லாத உங்கள் அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது இப்படித்தான். ஈ.சி.ஜி.யில் இது தெரியாமல் போகலாம். எக்கோவில் கட்டி ஆடுவதைத் திரையிலேயே பார்க்கலாம். ஊசி இல்லை, வலி இல்லை. 1954இல் ஸ்டாக்ஹோமில் கிராஃபோர்ட் என்ற அறுவை நிபுணர் இதை வெற்றிகரமாக அகற்றிக் காட்டினார். இன்று வேரோடு எடுத்துவிட்டால் பெரும்பாலானவர்களுக்குத் திரும்ப வருவதில்லை.

குடும்பத்தில் தொடர்வது அபூர்வம். ஆனாலும் உடன்பிறந்தவர்கள் ஒருமுறை எக்கோ பார்ப்பது நல்லது. உங்களுக்கோ அக்காவுக்கோ உதட்டிலும் கண்ணிமையிலும் சிறு கரும்புள்ளிகள் நிறைய இருந்தால் மருத்துவரிடம் அவசியம் காட்டுங்கள்; பரம்பரையாக வரும் வகையின் அடையாளமாக அது இருக்கலாம்.

ஆஸ்பிரினை யாரைக் கேட்டுத் தொடங்கினீர்கள்? கை நழுவியதற்கு அடைப்பும் காரணமாகலாம், ரத்தக்கசிவும் காரணமாகலாம். கசிவு என்றால் அந்த மாத்திரையே ஆபத்து. கட்டி இருந்தாலோ, அது மாத்திரைக்குக் கரையாது. தொடர்வதா நிறுத்துவதா என்பதை ஸ்கேனைப் பார்த்து மருத்துவர் சொல்லட்டும்.

அதற்குள் மறுபடியும் வாய் கோணினாலோ, கை தொய்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு 108ஐ அழையுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். சரியாகிறதா பார்ப்போம் என்று வீட்டில் படுத்திருக்காதீர்கள்.