என் மகளுக்குத் தன் சொந்த அனுபவத்தைக் கதையாக எழுத எப்படிச் சொல்லித்தருவது?

மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் வாயால் அரை மணி நேரம் கதை சொல்கிறாள், எழுதச் சொன்னால் இரண்டே வரியில் முடித்துவிடுகிறாள் என்று கேட்டிருக்கிறீர்கள். கொரோனாவுக்குப் பிறகு 2021-ல் தமிழக அரசு, பிள்ளைகளின் வீட்டுப் பக்கத்திலேயே தன்னார்வலர்களை வைத்துப் பாடம் சொல்லித்தர இல்லம் தேடிக் கல்வி என்ற திட்டத்தைத் தொடங்கியபோது, காரைக்குடி பக்கத்துக் கிராமம் ஒன்றில் நான் தன்னார்வலராக இருந்தேன். ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டுத் திண்ணைதான் வகுப்பு. அங்கேயும் இதே கூத்துதான்.

நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீட்டுப் பையன் ஒருவன் பிள்ளையார் நோன்பைப் பற்றி எழுதினான்: "நாங்கள் இழை எடுத்தோம். மகிழ்ச்சியாக இருந்தது." அவ்வளவுதான். தெரியாதவர்களுக்கு: திருக்கார்த்திகையிலிருந்து கணக்கு வைத்து 21-ஆம் நாள் வரும் நோன்பு அது. நாளுக்கு ஒன்றாக எடுத்த 21 நூலிழையைத் திரியாக்கி, வெல்லம் கலந்த மாவில் வைத்து, நெய்யில் கொளுத்தி, சுடரோடு அப்படியே வாயில் போட்டுக்கொள்வார்கள். இதைத்தான் இழை எடுப்பது என்பார்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! அதைப் போய் "மகிழ்ச்சி" என்று எழுதியிருக்கிறான்.

நோட்டை மூடச் சொல்லிவிட்டு, "ஐயா இழையை நீட்டினப்ப உன் கை எங்க இருந்துச்சு?" என்றேன்.

"அம்மா சேலையப் பிடிச்சுக்கிட்டு இருந்தேங்க்கா. நாக்கு சுட்டுரும்னு கண்ண மூடிக்கிட்டேன். சுடவே இல்ல. இனிச்சுச்சு."

"இதையே எழுது" என்றேன். "இப்படியெல்லாம் எழுதலாமா?" என்று கேட்டான் பாருங்கள், சிக்கல் அங்கேதான் இருக்கிறது. வீட்டில் யாரும் "சென்றோம்" என்று பேசுவதில்லை. பென்சிலை எடுத்ததும் பாடப்புத்தகத் தமிழ் வந்து உட்கார்ந்துகொள்கிறது, கதை எழுந்து போய்விடுகிறது. அதனால் முதல் தடவை பேசுகிற மாதிரியே எழுதட்டும். எழுத்துத் தமிழுக்கு மாற்றுவது அடுத்த வாரத்து வேலை. அப்போதும் ஆட்கள் பேசும் இடங்களில் கை வைக்காதீர்கள்.

திட்டமிட ஒரு தாளை நாலாக மடித்தால் போதும். கட்டத்துக்கு ஒரு படம், குச்சி மனிதர்கள்தான். பிறகு விரலை வைத்துக் கட்டம் கட்டமாக வாயால் சொல்ல வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் எழுந்தது, பல் தேய்த்தது, பஸ் ஏறியது என்று மூன்று கட்டத்தை நிரப்பிவிட்டு, முக்கியமானதைக் கடைசியில் திணிப்பார்கள். எங்கள் பிள்ளைகளிடம் "முகப்புலயே நின்னுக்கிட்டு இருக்காத, வளவுக்குள்ள வா" என்பேன். செட்டிநாட்டு வீட்டில் வாசல் பக்கத்து முகப்பைத் தாண்டினால்தானே முற்றமும் வெளிச்சமும் இருக்கிற வளவு! அவர்களுக்குச் சட்டென்று புரிந்துவிடும். உங்கள் மகளுக்கு "பல் தேய்ச்சத விட்டுடு" என்று சொன்னாலே போதும்.

சிலர் நடுவில் புலியைக் கொண்டுவருவார்கள். பொய் சொல்லாதே என்று அதட்டினால் அடுத்த தடவை வாயே திறக்க மாட்டார்கள். "நீ எங்க நின்ன? அது என்ன சத்தம் போட்டுச்சு?" என்று கேளுங்கள். மூன்றாவது கேள்வியில் புலி தெருநாயாகிவிடும். பெரும்பாலும் அந்த நாய்க்கதைதான் நன்றாக இருக்கும்.

நான் செய்த ஒரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். முதல் மாதம் சிவப்புப் பேனாவும் கையுமாக ர, ற திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு சிறுமி, அப்பா ராத்திரி வீட்டுக்கு வராததைப் பற்றி எழுதியிருந்தாள். அதிலும் ஏழு பிழைகளைச் சுழித்துக் கொடுத்தேன். அப்புறம் வெகுநாள் அவள் "எங்கள் பசு" மட்டும்தான் எழுதினாள். அவர்கள் வீட்டில் பசுவே கிடையாது. அதோடு சிவப்புப் பேனாவை ஓரமாக வைத்துவிட்டேன். அதிலிருந்து, எழுதியவர்கள் சரி என்று சொல்லாமல் எந்தக் கதையையும் நான் சத்தமாக வாசித்ததில்லை.

இன்று ராத்திரி அவள் கதை சொல்லும்போது நோட்டை எடுக்காதீர்கள், குரலை மட்டும் போனில் பதிந்துவையுங்கள். நாளைக்குப் போட்டுக் காட்டி, இதில் எந்த இடத்தைப் படமாகப் போடலாம் என்று அவளையே கேளுங்கள்.