கிரைண்டர் கணக்கும் கல்யாணக் கேள்வியும்: நேர்முகத் தேர்வு கேள்வி-பதில்

இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கவலையைச் சொல்கின்றன: நேர்முகத் தேர்வில் எதிர்பாராததைக் கேட்டார்கள், வாயடைத்துப் போனேன். கோவையில் பம்ப் தொழிற்சாலை ஒன்றின் ஆள்சேர்ப்புப் பிரிவில் 22 ஆண்டுகள் கேள்வி கேட்கும் இடத்தில் இருந்தவன் என்ற உரிமையில் பதில் சொல்கிறேன்.

“கோவையில் ஒரு வருடத்துக்கு எத்தனை கிரைண்டர் விற்கும் என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். சரியான விடை என்ன?” (மெக்கானிக்கல் இறுதியாண்டு மாணவர், பெருந்துறை)

கேட்டவரிடமும் விடை இருந்திருக்காது, தம்பி. தெரியாத ஒன்றைத் தெரிந்தவற்றிலிருந்து எப்படிப் பிடிக்கிறீர்கள் என்று பார்க்கத்தான் கேட்டார். வாருங்கள், இப்போது சேர்ந்து போட்டுப் பார்ப்போம். 2011 கணக்கெடுப்பின்படி கோவையும் அதை ஒட்டிய ஊர்களும் சேர்ந்து 21 லட்சம் பேருக்கு மேல். வீட்டுக்கு நான்கு பேர் என்றால் ஏறக்குறைய 5 லட்சம் வீடுகள். ஐந்தில் நான்கு வீட்டில் கிரைண்டர் இருக்கும் என்று வைத்தால் 4 லட்சம். ஒரு கிரைண்டர் பத்து வருடம் உழைக்கும் என்றால், பழையதை மாற்றுவதற்கே வருடம் 40,000 வேண்டும்.

இதோடு நிறுத்தினாலே பாதி மதிப்பெண். மீதிப் பாதி, நம் ஊரில் பிறந்து வளர்ந்ததால் உங்களுக்கு மட்டும் தெரிந்த விஷயங்களில் இருக்கிறது. ஆடி கழிந்து ஆவணி பிறந்தால் கல்யாணச் சீரில் கிரைண்டர் போகும். அதைத் தனியாகக் கூட்ட வேண்டும். உணவகங்கள் வாங்கும் பெரிய கிரைண்டர் வேறு கணக்கு. 2011-இல் தமிழக அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தைத் தொடங்கியது. அடுத்த சில வருடங்கள் கடை விற்பனை என்ன ஆகியிருக்கும்? எல்லாவற்றுக்கும் முன்னால், “கோவையில் விற்பதை மட்டும் கேட்கிறீர்களா, இங்கே தயாராகி வெளியூர் போவதையும் சேர்த்தா?” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் அப்போதே உங்கள் பெயருக்கு நேரே குறித்திருப்பேன். புவிசார் குறியீடு பெற்ற பொருள் அது. ஊருக்குள் விற்பதை விட வெளியே போவது பெரிய கதை.

இயற்பியலாளர் என்ரிகோ ஃபெர்மி இந்த வகைக் கணக்கில் பெயர் பெற்றவர். 1945 ஜூலை 16 அன்று முதல் அணுகுண்டுச் சோதனையின்போது, அதிர்வலை வந்த நேரத்தில் காகிதத் துண்டுகளைக் கையிலிருந்து நழுவவிட்டு, அவை எவ்வளவு தூரம் தள்ளி விழுந்தன என்று பார்த்தே வெடிப்பு 10,000 டன் டி.என்.டி. வெடிமருந்தின் அளவு இருக்கும் என்றார். உண்மை அளவு அதைப்போல் இரண்டு மடங்குக்குச் சற்று மேல். காகிதத் துண்டை வைத்துக்கொண்டு அவ்வளவு நெருங்கியது பெரிய காரியம். உங்கள் 40,000 பாதியாகவோ இரட்டிப்பாகவோ இருந்தாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ‘தெரியாது’ என்று கதவைச் சாத்தியதைத்தான் குறையாக எடுத்திருப்பார்கள்.

“மேசை மேல் இருந்த வார்ப்பிரும்புத் துண்டைக் கையில் கொடுத்து, ‘இதைப் பற்றிப் பேசு’ என்றார்கள். என்ன பேசுவது?” (டிப்ளமா முடித்தவர், கோவை கணபதி பகுதி)

இதே கேள்வியை நானும் பல வருடம் கேட்டிருக்கிறேன். பலர் துண்டை வாங்கியதும் மேசையில் வைத்துவிட்டு, வார்ப்பிரும்பின் இலக்கணத்தை ஒப்பிக்கத் தொடங்குவார்கள். ஒரு பையன் மட்டும் எதுவும் பேசாமல் அதை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தான். கட்டைவிரலால் விளிம்பைத் தடவினான். பிறகு ஒரு விரலில் தொங்கவிட்டு, சட்டைப் பையிலிருந்த பேனாவால் இரண்டு இடத்தில் தட்டிக் காதருகே வைத்துக் கேட்டான். “இங்கே மணிபோல் ஒலிக்கிறது, இங்கே ஒலி செத்திருக்கிறது. உள்ளே விரிசல் இருக்கலாம், சார்” என்றான். அப்பா ஃபவுண்டரியில் (வார்ப்பாலையில்) அச்சு செய்யும் மோல்டராம். சிறு வயதில் அவரோடு போய்ப் பார்த்தது. தேர்வு அங்கேயே முடிந்துவிட்டது. மற்ற கேள்விகளை நாங்கள் மரியாதைக்காகக் கேட்டோம்.

பொருளைக் கையில் கொடுத்தால் முதலில் கையும் கண்ணும் வேலை செய்யட்டும். அரை நிமிடம் மௌனமாக இருந்தால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

“நீங்கள் ஒரு விலங்காக இருந்தால் எந்த விலங்கு என்று கேட்டார்கள். இதற்கெல்லாம் பொருள் உண்டா?” (பி.காம். பட்டதாரி, ஈரோடு)

பெரிதாக இல்லை. கூகுள் நிறுவனத்தின் ஆள்தேர்வுக்குப் பொறுப்பாக இருந்த லாஸ்லோ போக், புதிர்க் கேள்விகளால் நேரம்தான் வீண் என்று 2013-இல் வெளிப்படையாகவே சொன்னார். இருந்தாலும் இன்னும் சிலர் கேட்கிறார்கள். உங்களுக்குப் பழக்கமான விலங்கைச் சொல்லி, ஒரு காரணம் சொல்லிவிட்டு நகருங்கள். காங்கேயம் காளை என்றால், கோடையில் கொரங்காடு எனும் மேய்ச்சல் நிலத்தின் காய்ந்த புல்லை மேய்ந்தும் உழைப்பில் குறை வைக்காது என்று சொல்லலாம். சிங்கம் வேண்டாம், அதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள்.

“பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர் (பையர் எனும் வாங்கும் நிறுவனத்தின் ஆர்டரைக் கவனிப்பவர்) வேலை. ‘கல்யாணம் எப்போது, குழந்தை பிறந்தால் வேலையை விட்டுவிடுவீர்களா?’ என்றார்கள். கோபம் வந்தது, அடக்கிக்கொண்டேன்.” (வாசகி, திருப்பூர்)

உங்கள் கோபம் நியாயமானது, அம்மா. ஆணிடம் இதைக் கேட்பதில்லை என்பதே போதும், இது வேலை பற்றிய கேள்வி இல்லை என்று சொல்ல.

அந்த அறையில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கேள்விக்கு அடியில் இருக்கும் பயத்துக்கு மட்டும் பதில் சொல்லுங்கள்: “ஷிப்மெண்ட் தேதி தவறிவிடுமோ என்று யோசிக்கிறீர்கள் என நினைக்கிறேன். போன வேலையில் இரண்டு பையரின் ஆர்டரை ஒரே நேரத்தில் பார்த்தேன். துணி தாமதமானபோது இப்படிச் சமாளித்தேன்.” சொந்த வாழ்க்கையைத் திறந்துகாட்டவும் இல்லை, சண்டைக்கும் போகவில்லை. மீண்டும் மீண்டும் அதையே கேட்டால், “அது என் குடும்ப விஷயம், வேலை பற்றிக் கேளுங்கள்” என்று அமைதியாகச் சொல்லலாம். அதற்குப் பிறகு கிடைக்காமல் போகும் வேலை, கிடைத்திருந்தாலும் உங்களை நிம்மதியாக இருக்க விட்டிருக்காது.

கேட்கும் இடத்தில் இருப்பவர்களுக்கும் சொல்கிறேன். 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தி, முதல் இரண்டு குழந்தைகளுக்கு ஊதியத்துடன் 26 வார விடுப்பு என்று ஆக்கினார்கள். அந்தச் செலவுக்குப் பயந்து பெண்களை வாசலிலேயே வடிகட்டுவது அநியாயம். தையல் மெஷினிலிருந்து பேக்கிங் வரை பெண்கள் கையில் ஓடும் ஊர் திருப்பூர்.

“‘எந்த ஊர், அப்பா பெயர் என்ன, நீங்கள் எந்த ஆட்கள்?’ என்று சுற்றிச் சுற்றிக் கேட்டார்கள். சாதியைத்தான் கேட்கிறார்கள் என்று புரிந்தது.” (வாசகர், தாராபுரம்)

புரிந்தது சரிதான். நம் பக்கத்தில் ஊரையும் தோட்டத்தையும் விசாரிப்பது உபசாரம்போல் தொடங்கும். எங்கே போய் நிற்கும் என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். ஊரைச் சொல்லுங்கள். அப்பா என்ன வேலை செய்கிறார் என்றால் தலை நிமிர்ந்து சொல்லுங்கள். தறி ஓட்டுகிறார், ஆடு மேய்க்கிறார், எதுவானாலும். அதற்கு மேல் ஒரு படி போனால், “இந்த வேலைக்கு அது தேவைப்படுமா, சார்?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். என் மேலதிகாரி ஒருவர் இப்படிக் கேட்டபோது நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அன்று நான் தடுத்திருக்க வேண்டும். அந்த இளைஞரின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

“என் பேச்சில் ‘ங்க’ அதிகம். பெங்களூரில் தேர்வு நடத்தியவர் இதைக் குறிப்பிட்டுச் சிரித்தார். மாற்றிக்கொள்ள வேண்டுமா?” (கோபிசெட்டிபாளையம்)

வேண்டாம். வேகத்தை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்.

“ஒரு கேள்விக்கு விடை அறையை விட்டு வெளியே வந்த பிறகுதான் தோன்றியது. எழுதி அனுப்பலாமா?” (நாமக்கல்)

அன்று மாலையே அனுப்புங்கள், மறுநாளுக்குத் தள்ள வேண்டாம். முதல் வரியில் நன்றி, அடுத்து அந்தக் கேள்வியை நினைவுபடுத்துங்கள், பிறகு நான்கைந்து வரியில் விடை. ஏன் அப்போது தோன்றவில்லை என்ற விளக்கம் வேண்டாம். எங்களுக்கு அப்படி வந்த கடிதங்கள் மிகக் குறைவு. ஒவ்வொன்றையும் கோப்பில் சேர்த்து, முடிவெடுக்கும்போது மறுபடி எடுத்துப் படித்திருக்கிறோம்.